பிரஷ் கழுவும் டின்னில் ஒரு குடைக்கம்பி

நான் வேலை பார்த்த பாசனப் பிரிவு அலுவலகத்தின் ஸ்டோர் ரூமைச் சென்ற மாதம் காலி செய்தார்கள். மதகுச் சுவர்களில் தண்ணீர் அளவை இனிமேல் கையால் எழுதப் போவதில்லையாம். அச்சடித்த தகடு வருகிறது. நாலு திருகாணி போட்டால் வேலை முடிந்தது. நல்லதுதான். சித்திரை வெயிலில் மதகுக்குள் இறங்கி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அங்குலக் கோடு போட்டவனைக் கேட்டால் தெரியும், அது எவ்வளவு நல்லது என்று.

அங்கே இப்போது உதவிப் பொறியாளராக இருக்கும் பெண் ஒரு போட்டோவை அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டார்.

"ஐயா, ஸ்டோர்ல ஒரு பழைய டின்னு கெடச்சுதுங்க. உள்ள ஓட்டை போட்ட தட்டு ஒண்ணு இருக்கு. மேல குறுக்கால ஒரு கம்பி போகுது. உங்க டின்னுன்னு சொல்றாங்க. என்னங்க இது?"

"பிரஷ் கழுவுற டின்னும்மா."

"தட்டு எதுக்குன்னு புரியுதுங்கய்யா. இந்தக் கம்பி எதுக்கு?"

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். சொன்ன வாக்குக்கு எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் பண்ணை வேலைதான். எனக்குக் கையெழுத்து நன்றாக வந்ததால் பள்ளி முடிந்ததும் திருவாரூரில் போர்டு எழுதும் ஒருவரிடம் சேர்த்துவிட்டார்கள். அந்த இரண்டு வருஷத்தில் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருஷம் டப்பா கழுவினேன். இரண்டாம் வருஷம் 'அ' எழுதினேன். அதற்குள் ஆட்சி மாறி, மாநிலத்தின் பெயரும் மாறியது. பாலம், மதகு, பங்களா என்று எல்லாப் பலகையிலும் பழைய பெயரை அழித்துத் 'தமிழ்நாடு' என்று எழுத ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் தற்காலிகப் பெயிண்டராக உள்ளே நுழைந்தேன். தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். சட்டைப்பையில் பேனா இல்லாவிட்டாலும் பிரஷ்ஷையாவது செருகிக்கொண்டு நடப்பேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று.

எங்கள் ஓவர்சியர் பெயர் கோவிந்தராஜன். ஒல்லியான மனிதர். மழையோ வெயிலோ கையில் குடை இருக்கும், ஆனால் அதைப் பெரும்பாலும் விரிக்க மாட்டார். எழுத்தைச் சுட்டிக்காட்டவும், தவளையை விரட்டவும், சுவரைத் தட்டி உள்ளே பொக்கை இருக்கிறதா என்று கேட்கவும் அவருக்கு அது பயன்பட்டது. அளவு எழுதி முடித்தால் கீழிருந்து மேலாகப் படிப்பார். "தண்ணி கீழேருந்துதானே ஏறுது? அது படிக்கிற மாதிரிதான் நாமளும் படிக்கணும்" என்பார். அப்புறம் நகத்தால் பெயிண்டை அழுத்திப் பார்ப்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த மதகுக்கு நடந்துவிடுவார். அவர் நடந்தால் நமக்குப் பாராட்டு என்று அர்த்தம்.

என்னிடம் அவர் கண்டிப்பாகச் சொன்ன விதி ஒன்றுதான். "கோடு போட்டு முடிச்சதும் கிளம்பாதப்பா. அரை மணி நேரம் அங்கயே நில்லு. பெயிண்டு என்ன பண்ணுதுன்னு பாரு. பதறாத காரியம் சிதறாது."

இனி டின்னுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நான் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசி, அந்த அழுக்கு எண்ணெயை வாய்க்காலிலேயே கொட்டிவிடுவேன். திருவாரூரில் சாக்கடையில் கொட்டிப் பழகிய கை. ஒருநாள் வாய்க்காலின் கீழக்கரையிலிருந்து காத்தான் என்பவர் வரப்போடு வேகமாக நடந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் பயிர் வைத்திருந்தார், விவசாயிகளின் செங்கொடிச் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். கையில் ஒரு பிடி நாற்று. வேரெல்லாம் கறுப்புப் பிசுக்கு.

"ஏண்டா செல்லையா, சொவருல எழுதுறது பத்தலன்னு எங்க நாத்தங்கால்லயும் எழுதியிருக்கியா? வந்து பாருடா, தண்ணி மேல கறுப்பா மிதக்குது."

"தெரியாமப் பண்ணிட்டேண்ணே."

"எங்களுக்குத் தண்ணி வர்றதே மூணு நாளு. அதுல மண்ணெண்ணெயயும் சேத்துக் குடிக்கணுமா பயிரு?"

ஓவர்சியர் பக்கத்தில்தான் நின்றார். காத்தான் போன பிறகு, "ஒரு வழி பண்ணுப்பா" என்று மட்டும் சொன்னார். வழி என்னவென்று சொல்லவில்லை. அவர் வழக்கம் அது.

வழி கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. எண்ணெயை அசையாமல் வைத்தால் பெயிண்டு வண்டலாக அடியில் தங்கும், மேலே எண்ணெய் தெளியும். இது டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அடுத்த முறை பிரஷ்ஷை விட்டதும் அது அடியைக் கிளறிவிடும், தெளிந்ததெல்லாம் மறுபடி கலங்கும். பிரஷ்ஷுக்கும் வண்டலுக்கும் நடுவில் ஒரு தட்டு வேண்டும், அதில் ஓட்டை வேண்டும். என் கண்ணில் பட்டது வீட்டு ஜல்லிக்கரண்டி. காம்பை வெட்டி ஒரு காலி வனஸ்பதி டின்னுக்குள் இறக்கிவிட்டேன். என் மனைவி பவுனு அதைப் பார்த்துவிட்டாள்.

"பிரஷ் கழுவ எங்கம்மா குடுத்த சீர்க் கரண்டிதான் கெடச்சுதா? தீபாவளி வரட்டும், அந்தப் பிரஷ்ஷையே எண்ணெயில போட்டு எடுத்துத் தர்றேன், தின்னு."

கரண்டி வட்டம் டின்னுக்குச் சிறியது என்பதால் அது உதவவும் இல்லை. பவுனுக்குப் புதுக் கரண்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, இன்னொரு டின்னின் மூடியை வெட்டித் தட்டு செய்தேன். முதல் தட்டில் ஆணியைக் கீழிருந்து மேலாக அடித்துவிட்டேன். ஓட்டையைச் சுற்றிப் பிசிறு மேலே நீட்டிக்கொண்டு நின்றது, ஒரே நாளில் பிரஷ் மயிரை அரிந்துவிட்டது. இரண்டாவது தட்டில் மேலிருந்து கீழாக அடித்தேன். தட்டு வழவழப்பாக இருந்தது, ஆனால் ஓட்டை சிறியது, பெயிண்டு அடைத்துக்கொண்டது. மூன்றாவதில் ஒன்றரை அங்குல ஆணியை முழுக்க இறக்கி எடுத்தேன், விரற்கடைக்கு ஒரு ஓட்டை. தட்டின் விளிம்பில் மூன்று காதுகளைக் கீழே மடக்கிக் காலாக்கி, அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் நிறுத்தினேன். அதற்குக் குறைந்தால் வண்டல் கிளறுகிறது. தட்டுக்கு மேல் நாலு விரல் மண்ணெண்ணெய். பிரஷ்ஷைத் தட்டின்மேல் வைத்து முன்னும் பின்னும் மெல்லத் தேய்க்க வேண்டும், குத்தக் கூடாது. காலையில் பார்த்தால் எண்ணெய் தெளிந்திருக்கும். மாதம் ஒருமுறை தெளிவை இறுத்துக்கொண்டு, வண்டலை வழித்து உலர்த்தி, வாய்க்காலுக்கு எட்டாத மேட்டில் குழிதோண்டிப் புதைப்பேன்.

ஒரு வாரத்துக்கு வந்த மண்ணெண்ணெய் ஒரு மாதத்துக்கு வந்தது. பக்கத்துப் பிரிவுப் பெயிண்டர்கள் வந்து பார்த்துப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டின்னை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சண்டை. கூலிக்காகச் சண்டை, குத்தகைக்காகச் சண்டை. வெளியூர் ஆட்களை நடவுக்கு இறக்கினார்கள் என்று சண்டை. இதெல்லாம் போதாது என்று தண்ணீர்ச் சண்டை. மேலக்கரை நிலம் பெரும்பாலும் ஒரு பண்ணைக்குச் சொந்தம். கீழக்கரையில் எல்லாம் காத்தான் மாதிரித் துண்டு நிலக் குத்தகைக்காரர்கள். ஒரே வாய்க்கால். மேலே மதகை மூடினால்தான் கீழே தண்ணீர். அந்த வருஷம் குறுவை நாற்றங்கால் கீழக்கரையில் வெடிப்பு விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் கம்பெடுத்து நின்றதால் தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார். முடிவு இதுதான்: மேலக்கரைக் கிளையில் தண்ணீர் இரண்டரை அடி ஏறியதும் அவர்கள் மதகை மூடிவிட வேண்டும், மிச்சம் கீழக்கரைக்கு. இரண்டரை அடியில், எல்லோருக்கும் தெரியும்படி ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். மறுநாள் காலை தண்ணீர் திறப்பு.

ஓவர்சியர் டேப் பிடித்துக் காட்டி, சுவரில் உளியால் ஒரு கொத்துக் கொத்திவிட்டு, "கோட்டோட மேல் விளிம்பு இதுல நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத் தாளில் இரண்டு கரைக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கப் போய்விட்டார். நான் மதகில் இறங்கினேன். கறுப்பில் எண்களை எழுதி முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. நல்ல பிரஷ் ஒன்றுதான் இருந்தது. அதை டின்னில் கழுவினேன். வழக்கமாகக் கழுவிய பிரஷ்ஷைத் துணியில் பிழிந்து ஒருநாள் காயவிட்டுத்தான் அடுத்த நிறத்தில் வைப்பேன். அன்றைக்கு ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. அவசரத்துக்கு அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். பிரஷ்ஷை இரண்டு உதறு உதறி, சிவப்பில் தோய்த்து, ஓர் அங்குல அகலத்தில் கோடு இழுத்தேன். நூல் பிடித்த மாதிரி அழகாக விழுந்தது. அரை மணி நேரம் நிற்கவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோது ஓவர்சியர் வாசலில் நின்றார். "வாப்பா, கோட்டை யாரோ இழுத்துவிட்டுட்டாங்களாம்" என்றார்.

மதகில் ஊரே நின்றது. கரையின் இந்தப் பக்கம் பண்ணைக் காரியஸ்தரும் அவர் ஆட்களும், அந்தப் பக்கம் கீழக்கரைக்காரர்கள், நடுவில் தாசில்தாரும் நாலு போலீசும். நான் போட்ட கோடு சுவரில் நாலு அங்குலத்துக்குக் கீழே வழிந்து, ஒரு சிவப்புப் பட்டையாக நின்றது. யாரோ டப்பாவைச் சரித்த மாதிரி இருந்தது. சிவப்பு கீழே வந்தால் தண்ணீர் அதைச் சீக்கிரம் தொடும். மேலக்கரை மதகைச் சீக்கிரம் மூட வேண்டும், அதில் கீழக்கரைக்கு லாபம். ஆகவே செய்தது யார் என்பதில் காரியஸ்தருக்குச் சந்தேகமே இல்லை.

"சிவப்பைக் கீழ இழுத்தவன் சிவப்புக் கொடிக்காரனாத்தான் இருப்பான். கோட்டையே மாத்துறவனுங்களோட என்னங்க ஒப்பந்தம்? ரத்துப் பண்ணுங்க. தண்ணி எங்க இஷ்டத்துக்கு வைப்போம்."

காத்தானையும் மாரிமுத்து என்ற இன்னொருவரையும் விடிந்ததுமே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். முந்தினநாள் சங்கக் கொடிக்கம்பத்துக்குச் சிவப்படித்தவர்கள் அவர்கள். காத்தானின் வேட்டியில் சிவப்பு இருந்ததாம். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நான் இறங்கிப் பெயிண்டைத் தொட்டேன். இன்னும் பிசுபிசுத்தது. விரலை மூக்கில் வைத்தேன். மண்ணெண்ணெய். என் டின், என் பிரஷ், என் பஸ். பிரஷ்ஷில் தங்கிய எண்ணெய்தான் பெயிண்டை நீர்க்க வைத்து இறக்கியிருக்கிறது.

மேலே ஏறி வந்தேன். ஓவர்சியர் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வாய்க்காலைப் பார்த்தபடி பேசினார்.

"உன்னை நிரந்தரம் பண்ற ஆர்டர் மேல கையெழுத்துக்குப் போயிருக்கு. இந்த வாரம் வந்துரும்."

"தெரியும் சார்."

"நான் பெயிண்டர் இல்லப்பா. சுவரைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிஞ்ச ஆளு இங்க நீ ஒருத்தன்தான்."

அவ்வளவுதான் சொன்னார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சும்மா இருந்துவிட்டால் நிரந்தர வேலை. இரண்டு பேர் ஜெயிலுக்குப் போவார்கள், கீழக்கரை நாற்று கருகும். வெண்ணெய் திரளும்போது தாழியை நானே உடைக்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது என்ற பெரிய தர்மமெல்லாம் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. காத்தான் அன்றைக்குப் பிடித்து வந்த அந்த ஒரு பிடி நாற்றுதான் கண்ணில் நின்றது. இரண்டாவது தடவையும் நான்தானா என்று என்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் தாசில்தார் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, இத யாரும் இழுத்துவிடலங்க. நான் போட்ட பெயிண்டு வழிஞ்சிருக்கு. தப்பு என்னுதுங்க."

காரியஸ்தர் சிரித்தார். "இவனும் அவனுங்க ஆளுதாங்க. அதே மாதிரி ஒரு தெருவுலேருந்து வந்தவன். காப்பாத்தப் பாக்குறான்."

"சொல்ல வேணாங்க. செஞ்சு காட்டுறேன். அரை மணி நேரம் குடுங்க" என்றேன்.

தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் தலையை மட்டும் அசைத்தார். "செய்" என்றார் தாசில்தார்.

எதிர்ச் சுவர் வெறுமையாக இருந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு காய்ந்த பிரஷ் கொண்டுவரச் சொன்னேன். அதைச் சிவப்பில் தோய்த்து ஒரு கோடு இழுத்தேன். அப்புறம் என் பிரஷ்ஷை எல்லோரும் பார்க்கும்படி டின்னில் அலசி, முந்தினநாள் மாதிரியே இரண்டு உதறு உதறி, அதே டப்பாச் சிவப்பில் தோய்த்துப் பக்கத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. காரியஸ்தர், "எங்கடா வழியுது?" என்றார்.

நிற்க வேண்டிய அரை மணி நேரத்தை அன்றைக்கு நின்றேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. யாரோ பீடி பற்ற வைத்தார்கள். வழியாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். வழிந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். தன் பெயிண்டு வழிய வேண்டும் என்று எந்தப் பெயிண்டராவது வேண்டிக்கொண்டிருப்பானா? நான் வேண்டிக்கொண்டேன்.

கால் மணி ஆனதும் இரண்டாவது கோட்டின் கீழ் விளிம்பு லேசாக உப்பியது. ஒரு துளி கனத்து, நின்று, இறங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒன்றை ஒன்று தொட்டு, சேர்ந்து, பட்டையாக இறங்கத் தொடங்கியது. காய்ந்த பிரஷ் கோடு அப்படியே நின்றது. அரை மணியில் தாசில்தார் இறங்கி வந்து டேப் பிடிக்கச் சொன்னார். மூன்றே முக்கால் அங்குலம். கீழக்கரைப் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. காரியஸ்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஒப்பந்தம் நின்றது. வழிந்ததைச் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் கோட்டைத் திருத்தினேன். சாயங்காலம் தண்ணீர் திறந்தார்கள். ஸ்டேஷனில் இருந்த இருவரையும் அன்று மாலையே விட்டுவிட்டார்கள்.

என் ஆர்டர் திரும்பி வந்துவிட்டது. கவனக்குறைவு என்று மெமோ. ஓவர்சியரே கைப்பட எழுதினார், ஒரு வார்த்தை குறைக்கவில்லை. கடைசி வரியில் 'தவறைத் தாமாகவே முன்வந்து தெரிவித்து, அதை மெய்ப்பித்தும் காட்டினார்' என்று சேர்த்திருந்தார். நாலு வருஷம் கழித்து நான் நிரந்தரமானது அந்த வரியால்தான். ஆனால் நாலு வருஷம் நாலு வருஷம்தான். பவுனு ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது, "சொன்னது தப்பில்ல, பஸ்ஸுக்கு ஓடுனதுதான் தப்பு" என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் காத்தான் அலுவலகத்துக்கு வந்தார். கன்னத்தில் வீக்கம் இருந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை, எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. டின்னைக் காட்டச் சொன்னார். தட்டைத் தூக்கிப் பார்த்தார். அவர் திட்டியதால் செய்தது என்று சொன்னேன்.

"நல்லாத்தான் பண்ணியிருக்க. ஆனா பாதியில வுட்டுட்டியே. நாத்து முடியைக்கூட அலசுன கையோட தூக்குவமாடா? வரப்புல வெச்சு, தண்ணி வடிஞ்சப்புறம்தானே தூக்குறோம்? வடிய விடுறதுக்கு இதுல எங்க எடம்?"

மன்னிச்சுக்கங்கண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஓவர்சியர் எழுந்தார். மூலையில் கிடந்த தன் பழைய குடையை எடுத்து, ஒரு கம்பியை முறுக்கிப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். டின்னின் இரண்டு பக்கமும் ஆணியால் ஓட்டை போட்டு அதைக் குறுக்கே கோத்தேன். அன்றைக்கே பிரஷ் காம்பில் கொக்கி மாட்டி அதில் தொங்கவிட்டேன். காத்தான் குனிந்து, மயிர் நுனியிலிருந்து எண்ணெய் சொட்டுவதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும் நாள்வரை, சொட்டு நிற்காத பிரஷ்ஷை நான் சுவரில் வைத்ததில்லை. அரை மணி நேரம் நிற்காமல் எந்த மதகிலிருந்தும் கிளம்பியதில்லை. எத்தனையோ பஸ்ஸை விட்டிருக்கிறேன். காத்தானிடம் மன்னிப்பு மட்டும் கடைசிவரை கேட்கவில்லை. அவர் இப்போது இல்லை.

கம்பி எதுக்கு என்று கேட்டாயே அம்மா. அது இல்லாததால் இரண்டு பேர் ஒரு பகல் முழுவதும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குத்தான். டின் துருப்பிடித்துவிட்டது, அதைப் போட்டுவிடு. கம்பியை எனக்கு அனுப்பு.